கயிற்றை அவிழ்த்த பிறகு

பிரிக்பீல்ட்ஸில் பொழுது புலரும் முன்பே ஓசைகள் விழித்துக்கொள்ளும். கே.எல். சென்ட்ரலை நோக்கி வரும் ரயிலின் தடதடப்பு, துன் சம்பந்தன் சாலையில் கடைக்கதவுகள் மேலேறும் சத்தம், கோயில் மணியோசை என ஒன்றன்பின் ஒன்றாக எழும். ஈராண்டுகளுக்கு முன் அந்த ஓசைகளோடு புதிதாக ஒன்றும் சேர்ந்தது. அது மணியின் குரைப்பு.

மணி என்பது ஒரு நாயின் பெயர். மழை கொட்டிய ஒரு மாலையில், கடை அஞ்சடியில் நனைந்து நடுங்கிக்கொண்டிருந்த அந்தக் குட்டியை இடைநிலைப்பள்ளி மாணவி ஒருத்தி வீட்டிற்குத் தூக்கி வந்தாள். பழுப்பு நிறம், மடிந்த ஒரு காது, எந்த இனம் என்று சொல்ல முடியாத கலப்பு உருவம். அவளுடைய பாட்டிக்கு அதைக் கண்டதும் தோட்டப்புறத்து லயத்தில் வளர்ந்த நாய்களின் நினைவு வந்தது. அதனால் குட்டிக்கு வீட்டில் இடம் கிடைத்தது.

மணி வளர்ந்தது. அதனுடன் ஒரு கெட்ட பழக்கமும் வளர்ந்தது. மோட்டார் சைக்கிளைக் கண்டால் போதும், கயிற்றை அறுத்துக்கொண்டு பின்னால் ஓடும். ஒரு நாள் காலை வாசற்கதவு சரியாகச் சாத்தப்படவில்லை. நாளிதழ் போட வந்தவரை மணி துரத்தியது. அவர் நிலைதடுமாறி விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டார். அக்கம்பக்கத்தார் வாசலில் கூடிவிட்டனர்.

அன்றிரவு அப்பா கோபப்படவில்லை. அமைதியாகத்தான் பேசினார். அந்த அமைதிதான் அவளை அச்சுறுத்தியது.

“இன்று முழங்காலோடு போயிற்று. நாளை பெரிய விபத்து நடந்தால் யார் பொறுப்பு? இந்த ஆண்டு முடிவதற்குள் அவன் அடங்காவிட்டால், பந்திங்கில் உள்ள சித்தப்பாவின் தோட்டத்திற்கு அனுப்பிவிடலாம்.”

“நாய் வாலை நிமிர்த்த முடியுமா?” என்று பாட்டி பெருமூச்சு விட்டார்.

அவளால் மறுத்துப் பேச முடியவில்லை. அப்பா சொன்னதில் தவறு ஏதும் இல்லை என்பது அவளுக்கும் தெரிந்திருந்தது.

மறுவாரம், தடுப்பூசி போடுவதற்காக மணியைக் கால்நடை மருத்துவரிடம் அழைத்துச் சென்றபோது அவள் தன் கவலையைச் சொன்னாள். மருத்துவர் மணியின் பற்களையும் கால் மூட்டுகளையும் சோதித்தார். பிறகு, “இவனுக்கு ஓட வேண்டும் என்ற ஆசை இருக்கிறது. அதை அடக்கப் பார்க்காதே, அதற்கு ஒரு வேலை கொடு” என்றார். அப்போதுதான் ‘அஜிலிட்டி’ என்ற சொல்லை அவள் முதன்முதலாகக் கேள்விப்பட்டாள்.

அஜிலிட்டி என்பது நாயும் மனிதரும் இணைந்து ஆடும் தடைதாண்டும் விளையாட்டு. 1978-ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் நடைபெற்ற புகழ்பெற்ற கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில் இது பிறந்தது. இரண்டு போட்டிகளுக்கு இடையே பார்வையாளர்களுக்குச் சலிப்புத் தட்டாமல் இருக்க ஏதேனும் ஒரு நிகழ்ச்சி வேண்டும் என ஏற்பாட்டாளர்கள் எண்ணினர். ஏற்பாட்டுக் குழுவைச் சேர்ந்த ஜான் வார்லி, நாய்ப் பயிற்றுநர் பீட்டர் மீன்வெல் என்பவரின் உதவியை நாடினார். குதிரைகள் தடைகளைத் தாண்டி ஓடும் போட்டியைப் பார்த்து, அதைப் போலவே நாய்களுக்கும் தடைகள் அமைக்கப்பட்டன. இடைவேளையை நிரப்ப வந்த அந்த நிகழ்ச்சி மக்கள் மனத்தைக் கவர்ந்துவிட்டது. இரண்டே ஆண்டுகளில், அதாவது 1980-இல், பிரிட்டனின் கென்னல் கழகம் அதை ஒரு விளையாட்டாக ஏற்றது. இன்று பல நாடுகளில் அது விளையாடப்படுகிறது. உலக அளவிலான போட்டிகளும் நடைபெறுகின்றன.

இவ்விளையாட்டில் ‘பார்டர் கோலி’ எனும் ஆடு மேய்க்கும் இன நாய்களே பெரும்பாலும் முன்னணியில் நிற்கின்றன. வேகத்திற்குப் பெயர்பெற்ற நாய்கள் தமிழ் மண்ணிலும் உண்டு. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகியவை அவற்றுள் சில. ராஜபாளையம் நாயின் உருவம் பொறித்த அஞ்சல் தலையை இந்திய அஞ்சல் துறை 2005-ஆம் ஆண்டு வெளியிட்டது. ஆனால், இந்த விளையாட்டைக் கற்றுக்கொள்ள உயர்ந்த இனத்தில் பிறந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உடல்நலமும் கற்கும் ஆர்வமும் உள்ள எந்த நாயும் தொடங்கலாம். அஞ்சடியில் கிடந்த நாய்க்கும் அதில் இடம் உண்டு.

அப்பாவிடம் அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். பொருள்களை ஏற்றிச் செல்லும் வேன் ஓட்டுநரான அவருக்கு ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் ஓய்வு நாள். சிறிது நேரம் யோசித்தவர், “சரி, ஆண்டு முடியும்வரை வேனில் கொண்டுபோய் விடுகிறேன். அதற்கு மேல் கேட்காதே” என்றார். இப்படித்தான் கிள்ளான் பள்ளத்தாக்கில் உள்ள ஒரு பயிற்சித் திடலில் அவளும் மணியும் சேர்ந்தனர்.

முதல் நாளே மணி பாலங்களில் ஏறி வளையங்களுக்குள் பாயும் என அவள் கற்பனை செய்திருந்தாள். பயிற்றுநரோ எந்தத் தடையையும் காட்டவில்லை. “கூப்பிட்டால் வருகிறதா? உட்காரச் சொன்னால் உட்காருமா? நீங்கள் நகரும்வரை இருந்த இடத்திலேயே இருக்குமா? இந்த மூன்றும் வந்த பிறகுதான் மற்றவை” என்றார். எலும்புகள் முழுமையாக வளராத குட்டிகளை உயரமாகத் தாண்டவிடக் கூடாது என்பதையும் அவர் விளக்கினார். அனைத்துலகப் போட்டிகளில் 18 மாதம் நிறைவடைந்த நாய்கள்தாம் பங்கேற்கலாம். நல்ல வேளையாக, மணி அந்த வயதை அப்போது கடந்திருந்தது.

வீட்டில் பயிற்சி தொடங்கியது. கோழி ஈரலை அவித்துச் சிறு துண்டுகளாக நறுக்கி ஒரு டப்பாவில் வைத்துக்கொள்வாள். சொன்னதை மணி செய்த அந்தக் கணமே ஒரு துண்டு கிடைக்கும். சற்றுத் தாமதித்தாலும், தான் எதற்காகப் பரிசு பெற்றோம் என்பது நாய்க்குப் புரியாமல் போய்விடும். ஒரு முறைக்குப் பத்து நிமிடம் போதும். அதற்கு மேல் போனால் நாய் சோர்ந்துவிடும். நம் நாட்டு வெயிலையும் கருத்தில் கொள்ள வேண்டும். நாய்க்கு மனிதரைப் போல் உடலெங்கும் வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்தே அது உடற்சூட்டைத் தணித்துக்கொள்கிறது. எனவே, அதிகாலையிலோ அந்தி சாய்ந்த பின்னரோதான் பயிற்சி. தார்ச்சாலையில் புறங்கையை வைத்துப் பார்ப்பாள். தனக்குச் சுட்டால் மணியின் பாதத்திற்கும் சுடும் என்று திரும்பிவிடுவாள்.

விலை உயர்ந்த கருவிகளை வாங்க வசதியில்லை. இரண்டு காலிச் சாயத் தகரங்களின்மேல் துடைப்பக் கட்டையைக் கிடத்தினாள். தாண்டுவதற்குத் தடை கிடைத்தது. எஞ்சிய தண்ணீர்க் குழாய்களை வெட்டி மண்ணில் வரிசையாக நட்டாள். வளைந்து ஓடுவதற்குக் கம்புகள் கிடைத்தன. பழைய பலகை ஒன்றைச் செங்கல்லின்மேல் வைத்தாள். அது ஏறி இறங்கும் சீசாப் பலகை ஆயிற்று. ஒரு காலத்தில் செங்கற்சூளைகள் நிறைந்திருந்ததால் பெயர்பெற்ற ஊரில், ஒரு செங்கல் கிடைப்பதா சிரமம்?

ஆறாவது வாரம் பயிற்றுநர், “இன்று கயிற்றை அவிழ்க்கலாம்” என்றார். அஜிலிட்டியில் நாய் கயிறின்றித்தான் ஓட வேண்டும். ஓட்டுபவர் நாயைத் தொடக் கூடாது. தின்பண்டமோ பொம்மையோ கையில் வைத்திருக்கக் கூடாது. குரலும் உடலசைவும் மட்டுமே துணை. அவள் நடுங்கும் விரல்களால் கொக்கியைக் கழற்றினாள்.

மணி ஒரு நொடி அவளைப் பார்த்தது. அடுத்த நொடி திடலின் மறுமுனைக்குப் பறந்தது. அவள் கத்திக்கொண்டே பின்னால் ஓடினாள். அவள் துரத்தத் துரத்த அதற்குக் கொண்டாட்டம். கால்மணி நேரம் எல்லாரும் வேடிக்கை பார்த்தனர். கடைசியில் களைத்துப்போய் வாலை ஆட்டியபடி அது அவள் காலடிக்கு வந்தபோது, அவள் ஆத்திரத்தில், “கெட்ட நாய்!” என்று கத்திவிட்டாள்.

பயிற்றுநர் அருகில் வந்தார். “ஓடியதற்காகத் திட்டினாய் என்று நீ நினைக்கிறாய். திரும்பி வந்ததற்காகத் திட்டினாய் என்று அவன் நினைப்பான். எவ்வளவு தாமதமாக வந்தாலும், வந்த நாயைத் திட்டாதே” என்றார்.

வீடு திரும்பும் வழியில் அவள் வேனின் பின்புறம் மணியின் பக்கத்தில் அமர்ந்திருந்தாள். வகுப்பில் படித்த நாலடியார் நினைவுக்கு வந்தது. யானை போன்றவரின் நட்பைவிட நாய் போன்றவரின் நட்பே கொள்ளத்தக்கது என்று அந்நூல் கூறுவதை ஆசிரியர் விளக்கியிருந்தார். தேர்வுக்காக எழுதி வைத்திருந்த அந்தக் கருத்து, இப்போது அவள் மடியில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

வாரங்கள் கடந்தன. கூப்பிட்டால் வரப் பழகிவிட்டது மணி. தாண்டியது, குழாய்க்குள் புகுந்து வெளிவந்தது. ஆனால், சீசாப் பலகையில் மட்டும் தொடர்ந்து தடுமாறியது. பலகையின் நடுவில் வந்ததும் அது சாயத் தொடங்கும். உடனே மணி பயந்து பக்கவாட்டில் குதித்துவிடும். அவள் உரக்கச் சொல்லிப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள், ஈரலைக் காட்டியும் பார்த்தாள். பயனில்லை. ஆண்டு முடிய இன்னும் இரண்டு மாதங்களே இருந்தன.

ஒரு மாலை, வீட்டெதிரே இருந்த சிறு புல்வெளியில் அவள் பயிற்சி செய்துகொண்டிருந்தபோது, அங்குள்ள கல்லிருக்கையில் பக்கத்து வீட்டு மாமா வந்து அமர்ந்தார். அவர் பார்வையற்றவர். 1951-ஆம் ஆண்டு தோற்றுவிக்கப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கம் பிரிக்பீல்ட்ஸில்தான் இயங்குகிறது. அதனால், வெள்ளைக் கோலோடு நடமாடும் பலரை அந்த வட்டாரத்தில் காணலாம். மாமா பல ஆண்டுகள் தொலைபேசி இணைப்பாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். குரல் ஒன்றைக் கொண்டே ஆளை அறிபவர்.

அரைமணி நேரம் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தவர், “பாப்பா, ஒன்று சொன்னால் கோபிக்க மாட்டாயே?” என்றார்.

“சொல்லுங்கள், மாமா.”

“உன் குரல் பிந்தி வருகிறதம்மா. முதலில் பலகையில் அவன் நகம் உரசும் சத்தம் கேட்கிறது. பிறகு அது நின்றுபோகிறது. அதன் பிறகுதான் நீ ‘நில்’ என்கிறாய். அதற்குள் அவன் பயந்து முடித்துவிடுகிறான். இன்னொன்று, நீயும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறாய். உன் குரலிலேயே பயம் இருக்கிறது.”

அவள் திகைத்து நின்றாள். இத்தனை நாள் அவள் மணியைத்தான் உற்றுப் பார்த்தாள்; தன்னை ஒருநாளும் கவனிக்கவில்லை. மாமா சிரித்தார். “எனக்குச் சாலையைக் கடக்க உதவ வருகிறவர்களில் சிலர், கையைப் பிடித்து இழுப்பார்கள். நல்ல எண்ணம்தான், ஆனாலும் எனக்கு விழுந்துவிடுவோமோ என்றிருக்கும். விவரம் தெரிந்தவர்கள் இழுக்க மாட்டார்கள். என்னைத் தங்கள் முழங்கையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, ‘முன்னால் படி இருக்கிறது’ என்று படி வருவதற்கு முன்பே சொல்வார்கள். வழி காட்டுகிறவர் முன்கூட்டியே சொல்ல வேண்டும், பாப்பா. தடுக்கிய பிறகு சொல்லி என்ன பயன்?”

அன்று முதல் அவள் முறையை மாற்றினாள். பலகையை மேலும் தாழ்த்தி, செங்கல்லுக்குப் பதிலாக மெல்லிய கட்டை ஒன்றை வைத்தாள். மணி ஏறுவதற்கு முன்பே மூச்சைச் சீராக்கிக்கொண்டு, அமைதியான குரலில் சொல்லைத் தொடங்கினாள். பலகை தரையைத் தொடும்போது எழும் ‘டொக்’ என்ற சத்தம்தான் மணியை அச்சுறுத்தியது என்பதை மாமாவே கண்டுபிடித்தார். முனைக்குக் கீழே பழைய சாக்கை மடித்துப் போட்டாள். சத்தம் அடங்கியது. நாளுக்கு நாள் சாக்கின் மடிப்பைக் குறைத்தாள். பதினெட்டாம் நாள் மணி பலகையின் முனைவரை நடந்து வந்து, அது தரையைத் தொடும்வரை காத்திருந்து இறங்கியது. மாமா கைதட்டினார். அவருக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. நகங்களின் சீரான ஓசையே அவருக்குச் செய்தி சொல்லிவிட்டது.

நவம்பர் மாத இறுதியில், பயிற்சித் திடலில் புதியவர்களுக்கான நட்புமுறைப் போட்டி நடைபெற்றது. ஓட்டத்திற்கு முன்பு, போட்டியாளர்கள் நாயின்றித் தனியே திடலைச் சுற்றி நடந்து, தடைகளின் வரிசையை மனத்தில் பதித்துக்கொள்ள அனுமதி உண்டு. அவள் மூன்று முறை நடந்தாள். எந்த இடத்தில் எந்தச் சொல்லைச் சொல்ல வேண்டும், அதுவும் எவ்வளவு முன்னதாகச் சொல்ல வேண்டும் என்று முணுமுணுத்துக்கொண்டாள்.

விதிகள் எளியவை, ஆனால் கடுமையானவை. தாண்டும் கம்பை வீழ்த்தினால் ஐந்து குற்றப் புள்ளிகள். சாய்தளத்தின் வண்ணம் பூசிய பகுதியை மிதிக்காமல் குதித்தாலும் ஐந்து. தடையின் முன் தயங்கி நின்றாலோ விலகிப் போனாலோ அது மறுப்பாகக் கருதப்படும், அதற்கும் ஐந்து. மூன்று முறை மறுத்தால் போட்டியிலிருந்து நீக்கப்படுவர்.

மணி நன்றாகவே தொடங்கியது. மூன்று தடைகளைத் தாண்டியது. குழாயில் நுழைந்து மறுமுனையில் பாய்ந்து வெளிவந்தது. சீசாப் பலகையில் ஏறி, நடுவில் நின்று, சாயவிட்டு இறங்கியது. வேலிக்கு வெளியே நின்றிருந்த அப்பா தன்னையறியாமல் ஓரடி முன்னால் வந்தார். அடுத்தது வளைந்து ஓடும் கம்புகள். முதல் கம்பு எப்போதும் நாயின் இடத்தோள் பக்கம் இருக்கும்படி நுழைய வேண்டும். மணி தவறான பக்கம் நுழைந்தது. மீண்டும் முயன்றாள், மீண்டும் தவறியது. மூன்றாம் முறையும் அவ்வாறே ஆனதும் நடுவர் கையை உயர்த்தினார். அவர்களின் போட்டி முடிந்தது.

அந்த நேரத்தில்தான் வேலிக்கு அப்பால், மண்பாதையில் ஒரு மோட்டார் சைக்கிள் உறுமிக்கொண்டு வந்தது.

மணியின் காதுகள் விறைத்தன. உடல் முன்னோக்கிச் சாய்ந்தது. திடலின் வாயில் திறந்திருந்தது. கழுத்தில் கயிறு இல்லை. அவளுக்குத் துரத்த வேண்டும் போலிருந்தது. ஆனால், அவள் துரத்தவில்லை. மூச்சை இழுத்துவிட்டு, வாயிலுக்கு எதிர்த்திசையில் திரும்பி, “மணி, வா!” என்று சாதாரணக் குரலில் அழைத்தாள். மணி மோட்டார் சைக்கிளைப் பார்த்தது, அவளைப் பார்த்தது, மீண்டும் மோட்டார் சைக்கிளைப் பார்த்தது. பிறகு ஓடி வந்து அவள் முன் உட்கார்ந்தது.

அன்று பரிசு பெற்றவர்களின் பட்டியலில் அவர்கள் பெயர் இல்லை. திரும்பும் வழியெல்லாம் அப்பா எதுவும் பேசவில்லை. இரண்டு வாரங்கள் கழித்து, கோலாலம்பூர் மாநகர் மன்றத்தில் அடுத்த ஆண்டுக்கு நாய் உரிமம் எடுப்பது பற்றி அவர் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்ததை அவள் சமையலறையிலிருந்து கேட்டாள். பந்திங்கைப் பற்றிய பேச்சு அதன் பிறகு எழவில்லை.

மணி இன்னும் மோட்டார் சைக்கிளைக் கண்டால் காதை விறைக்கத்தான் செய்கிறது. வெளியே செல்லும்போது அவள் அதைக் கயிற்றில் பிடித்தே அழைத்துச் செல்கிறாள். நாய்க்கு அஞ்சுபவர்களும் அதை நெருங்க விரும்பாதவர்களும் அதே தெருவில் வாழ்கிறார்கள். அவர்கள் எதிரே வந்தால் ஓரமாக ஒதுங்கி வழிவிடுகிறாள். நாளிதழ் போடுபவர் இப்போது வாசலில் சற்று நின்று, கதவு சாத்தியிருப்பதை உறுதி செய்துகொண்டு, “என்ன மணி?” என்று கேட்டுவிட்டுப் போகிறார்.

ஒரு மாலை, புல்வெளியில் மணி கம்புகளுக்கிடையே சரியான பக்கம் நுழைந்து வளைந்து வளைந்து ஓடுவதைப் பார்த்த பாட்டியிடம் அவள் கேட்டாள். “என்ன பாட்டி, நாய் வால் நிமிர்ந்ததா?”

பாட்டி மணியின் வாலை உற்றுப் பார்த்தார். அது முன்பு போலவே சுருண்டிருந்தது.

“வால் அப்படியேதான் இருக்கிறது. நீதான் நிமிர்ந்திருக்கிறாய்” என்றார்.